மதுரையைச் சுற்றி ஒரு நாள் பயணம்: அச்சணந்தியின் பின்னால் மலை மலையாக

கேள்வி இது: "மதுரையில் இருக்கிறோம். கொடைக்கானலும் குற்றாலமும் போய்ப் போய்ச் சலித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பி மாலைக்குள் வீடு திரும்பும்படி, கூட்டமில்லாத, பார்க்க அழகான இடம் பக்கத்தில் உண்டா? கூட முழங்கால் வலியுள்ள அம்மாவும் எட்டு வயதுப் பையனும் வருவார்கள்."

உண்டு. தூரமும் அதிகமில்லை. நீங்கள் கேட்ட மாதிரி இடங்கள் பெரும்பாலும் முப்பது கிலோமீட்டருக்குள்ளேயே இருக்கின்றன. நகரத்தின் எந்த மொட்டைமாடியில் ஏறி நின்றாலும் கண்ணில் படுகிற பாறை மலைகள்தான் அவை. யானை படுத்த மாதிரி ஒன்று, நாகம் நீண்டு கிடக்கிற மாதிரி ஒன்று. அன்றாடம் பார்த்துப் பழகிவிட்டதால் அங்கே போகவேண்டும் என்று நமக்குத் தோன்றுவதில்லை. நான் இருபது ஆண்டுகளாக இந்த மலைகளில் ஏறி இறங்குகிறேன். இன்னும் பாதிகூட ஒழுங்காகப் பார்த்து முடிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரே நாளில் நாலு மலை என்று திட்டம் போடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கு ஒரு மலை. காலை ஆறு மணிக்கு அடிவாரத்தில் நின்றால், பத்து மணிக்கு இறங்கிவிடலாம். அதற்கு மேல் பாறை சுடத் தொடங்கிவிடும். மதுரை வெயிலில் பதினோரு மணிக்குப் பாறைமேல் நிற்பது எப்படி என்று உங்களுக்கே தெரியும்.

நான் ஏன் இந்த மலைகளைச் சொல்கிறேன் என்றால், இங்கே அழகும் இருக்கிறது, கதையும் இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சமணத் துறவிகள் இந்தக் குகைத்தளங்களில் தங்கியிருக்கிறார்கள். அவர்களுக்காகப் பாறையில் படுக்கை வெட்டிக் கொடுத்தவர்கள் தங்கள் பெயரைத் தமிழின் மிகப் பழைய எழுத்தான தமிழியில் பொறித்துவிட்டுப் போனார்கள். பிறகு சுமார் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன், சமணம் மீண்டும் தழைத்த காலத்தில், அச்சணந்தி என்றொரு துறவி வந்தார். மலை மலையாகப் போய், சமணர்கள் வணங்கும் அருளாளர்களான தீர்த்தங்கரர்களின் உருவங்களைச் செதுக்க வைத்தார். அவர் பெயர் கீழக்குயில்குடியில் இருக்கிறது, கொங்கர் புளியங்குளத்தில் இருக்கிறது, அரிட்டாபட்டியில், யானைமலையில், கருங்காலக்குடியில், அழகர்மலையில், தேனிப் பக்கம் உத்தமபாளையத்தில்கூட இருக்கிறது. உங்கள் பையனிடம் இந்த ஒரு பெயரைச் சொல்லி வையுங்கள். ஒவ்வொரு மலையிலும் அச்சணந்தியைத் தேடுவது என்று வைத்துக்கொண்டால், ஓராண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு அவனுக்கு வேலை கிடைத்துவிடும்.

முதல் ஞாயிற்றுக்குக் கீழக்குயில்குடி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தேனி சாலையில் நாகமலை புதுக்கோட்டை அருகே இடப்பக்கம் பிரிந்து உள்ளே போகவேண்டும். நகரத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். பெரியார் நிலையத்திலிருந்து நகரப் பேருந்தும் உண்டு. ஊரைத் தாண்டியதும் மலை அடிவாரத்தில் அய்யனார் கோயில், அதை ஒட்டித் தாமரைக் குளம், விழுதுகள் இறங்கிய பெரிய ஆலமரங்கள். உங்கள் அம்மா மேலே ஏறவே வேண்டாம். ஆலமரத்தடியில் ஒரு துண்டை விரித்து உட்கார்ந்தால், அவருக்கு அந்தக் காலை போதும். காற்று வரும், கிளி கத்தும், குளத்தில் முக்குளிப்பான் மூழ்கி மூழ்கி எழும். கோயிலுக்கு வருகிறவர்கள் இரண்டு வார்த்தை பேசாமல் போகமாட்டார்கள்.

மலையில் பார்க்க வேண்டியவை இரண்டு இடங்கள். ஒன்று செட்டிப்புடவு. புடவு என்றால் குகை. குகை வாசலின் ஓரமாக, பாறைச் சுவரில் ஆளுயரத்துக்குப் பக்கத்தில் ஒரு தீர்த்தங்கரர் உட்கார்ந்திருக்கிறார். தலைக்கு மேல் முக்குடை, இருபுறமும் சாமரம் வீசுகிறவர்கள். நீண்ட காதும் நிறைந்த முகமுமாக இருப்பதைப் பார்த்து ஊர்மக்கள் அவரைச் செட்டியார் என்று அழைக்கத் தொடங்கி, குகைக்கும் அந்தப் பெயர் வந்துவிட்டது. இங்கே ஏற்றம் குறைவு. மெதுவாக நடந்தால் உங்கள் அம்மாவும் இதுவரை வந்துவிடலாம், கையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் இருந்தால். குகைக்குள்ளே குனிந்து மேலே பாருங்கள். வளைந்த பாறையில் ஐந்து புடைப்புச் சிற்பங்கள் வரிசையாக இருக்கும். ஓரத்தில் இருக்கிற ஒன்றை மட்டும் நிதானமாகப் பாருங்கள்: சிங்கத்தின்மேல் ஏறி, வில் வளைத்து, எதிரே யானைமேல் வருகிற வீரனோடு மோதுகிற பெண். சமணர்கள் அவளை இயக்கி, அதாவது காவல் தெய்வம் என்பார்கள். எனக்குப் பார்க்கும்போதெல்லாம் கொற்றவை நினைவுதான் வருகிறது. அமைதியாகக் கண் மூடியிருக்கிற தீர்த்தங்கரர்களுக்குப் பக்கத்தில் இப்படி ஒரு வேகத்தைச் செதுக்கவேண்டும் என்று அந்தச் சிற்பிக்கு ஏன் தோன்றியது என்று பல காலைகள் யோசித்திருக்கிறேன்.

இன்னொன்று பேச்சிப்பள்ளம். கோயிலுக்குப் பின்னாலிருந்து பாறையில் வெட்டிய படிகள் ஏறுகின்றன. எட்டு வயதுப் பையன் ஓடியே ஏறிவிடுவான், அவன் பின்னால் நீங்கள்தான் மூச்சு வாங்க வேண்டியிருக்கும். மேலே ஒரு சுனை, அதன் பக்கத்துப் பாறையில் எட்டு உருவங்கள் ஒரே வரிசையில். பாம்பு படம் விரித்துக் குடை பிடிக்கிறவர் பார்சுவநாதர். வரிசையில் பாகுபலியும் இருக்கிறார். சிற்பங்களுக்குக் கீழே, தமிழிக்குப் பின் வந்த பழைய தமிழ் எழுத்தான வட்டெழுத்தில் கல்வெட்டுகள். அவற்றில் ஒன்று, அந்தத் திருமேனியைச் செய்வித்தவர் அச்சணந்தியின் தாயார் குணமதியார் என்று சொல்கிறது. வீட்டை விட்டுத் துறவியாகப் போன மகன், ஊர் ஊராகச் சிற்பம் செய்விக்கிறான். தாயும் தன் பங்குக்கு ஒரு சிற்பம் செய்விக்கிறாள், கல்லில் தன்னை அவன் தாயார் என்றே எழுத வைக்கிறாள். இந்த ஒரு வரிக்காகவே நான் அந்தப் படிகளில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறுவேன்.

பேச்சிப்பள்ளத்துக்கு மேலே இன்னும் கொஞ்சம் ஏறினால் ஒரு கட்டடத்தின் அடித்தளம் மட்டும் மிச்சமிருக்கிறது. மாதேவிப் பெரும்பள்ளி. ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பராந்தக வீரநாராயண பாண்டியன் காலத்தில் இருந்த சமணப் பள்ளி, அதாவது துறவிகளின் உறைவிடம். இதற்கும் மேலே உச்சியில் விளக்குத்தூண் இருக்கிறது, அதன் அருகே கன்னடத்தில் ஒரு கல்வெட்டு. கன்னட நாட்டிலிருந்து இங்கே துறவிகள் வந்துபோன உறவுக்கு அது சாட்சி. உச்சிக்குப் போகும் பாறை வழுக்கலாக இருக்கும், மழை பெய்திருந்தால் பையனோடு ஏறவேண்டாம். பள்ளியின் அடித்தளத்தில் உட்கார்ந்து பார்த்தாலே போதும். கண்மாய்கள், வயல், தென்னந்தோப்பு, நீண்டு கிடக்கும் நாகமலை எல்லாம் தெரியும். மார்கழி, தை மாதங்களில் கண்மாயில் தண்ணீர் நிறைந்து, மேலே மெல்லிய மூடுபனி நிற்கும் நேரத்தில் இதைப் பார்த்தால், மலைப்பிரதேசத்துக்கு எதற்கு இருநூறு வளைவு ஏறிப் போனோம் என்று தோன்றும்.

இதே பக்கத்தில், அதே தேனி சாலையில் இன்னும் சற்றுத் தள்ளிக் கொங்கர் புளியங்குளம். இது வேறொரு ஞாயிற்றுக்கு. இங்கே ஒரே இடத்தில் ஐம்பதுக்கு மேற்பட்ட கற்படுக்கைகள். தலைமாட்டில் தலையணை மாதிரி மேடாகச் செதுக்கியிருப்பார்கள், பையன்கள் ஒவ்வொன்றிலும் படுத்துப் பார்க்காமல் விடமாட்டார்கள். படுத்துப் பார்க்கட்டும், காலணியைக் கழற்றிவிட்டு. குகையின் நெற்றியில் நீளமாக ஒரு விளிம்பு வெட்டியிருப்பதைக் காட்டுங்கள். மழைநீர் பாறைமேல் வழிந்து உள்ளே வராமல் அந்த விளிம்பில் தடைபட்டு வெளியே சொட்டும். இப்போது நம் வீட்டுச் சன்னலுக்கு மேலே வைக்கிற அதே ஏற்பாடு. குகைக்கு முன்னால் பாறையில் குழிகளும் இருக்கும். கால் நட்டுக் கூரை போட்ட தடம் அது. இது ஊகமாக மட்டும் நிற்கவில்லை. இங்குள்ள தமிழிக் கல்வெட்டுகளில் ஒன்று, கூரை போட்டுக் கொடுத்தவன் உபறுவன் என்ற பெயரைச் சொல்கிறது. படுக்கை வெட்டியது ஒருவர், கூரை வேய்ந்தது ஒருவர் என்று ஊரே பங்கு போட்டிருக்கிறது. பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரருக்குக் கீழே "ஸ்ரீ அச்சணந்தி செயல்" என்று வட்டெழுத்தில் இருக்கும். பையன் தேடிக் கண்டுபிடிக்கட்டும்.

அவனுக்குச் சில எழுத்துகளை முன்கூட்டியே சொல்லிக்கொடுத்தால் அவன் மகிழ்ச்சி பத்து மடங்காகும். தமிழியில் 'க' என்பது கூட்டல் குறி. 'ர' நிமிர்ந்து நிற்கும் ஒரு கோடு. 'ந' படுத்த கோட்டின் நடுவில் நிற்கும் கோடு. 'ட' பாதி வட்டம். இந்த நாலை வைத்துக்கொண்டு குகைக்குள் விட்டால், அவனாகவே மற்ற எழுத்துகளைக் கேட்பான். கல்வெட்டுகள் பெரும்பாலும் நான் சொன்ன அந்த நீர்வடி விளிம்பை ஒட்டி, தலைக்கு மேலே இருக்கும். சாய்ந்து விழுகிற காலை வெயிலில்தான் வெட்டு நிழல் கட்டித் தெளிவாகத் தெரியும். உச்சி வெயிலில் வெறும் பாறைதான் தெரியும், "ஒன்றுமே இல்லையே" என்று திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும். அதுவும் அதிகாலையில் போகச் சொல்வதற்கு ஒரு காரணம். எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸ், சுண்ணாம்பு எதையும் வைத்துத் தடவாதீர்கள். யாராவது தடவினால் மரியாதையாகத் தடுத்துவிடுங்கள். ஏற்கெனவே காதலர் பெயர்களும் கட்சிப் பெயர்களும் பெயிண்டில் ஏறி, கீழே இருக்கிற எழுத்து மறைந்துபோன இடங்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

இரண்டாவதாக நான் மனதார அனுப்புகிற இடம் அரிட்டாபட்டி. மேலூர்ச் சாலையில் போய், மேலூருக்கு முன்னால் இடப்பக்கம் உள்ளே பிரிய வேண்டும். நகரத்திலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். ஊரைச் சுற்றி ஏழு மலைகள், மலைகளுக்கு நடுவே கண்மாய்கள், சுனைகள். மலையில் விழுகிற மழை பாறையில் நிற்காது. வழிந்து சுனையிலும் ஊருணியிலும் கண்மாயிலும் இறங்கும். ஒரு கண்மாய் நிறைந்தால் கலிங்கு வழியே அடுத்ததற்குப் போகும். அந்த ஊரின் விவசாயமே இந்தப் பாறைகளை நம்பித்தான். வெறும் கல் என்று நினைக்கிற மலைதான் தண்ணீர் தருகிறது என்பதை நேரில் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

அம்மாவோடு போகவும் இது ஏற்ற ஊர். பாறையைக் குடைந்து எடுத்த சிவன் கோயில் இங்கே இருக்கிறது. முற்காலப் பாண்டியர் காலத்தது, ஏற்றம் அதிகமில்லை. கோயில் முகப்புச் சுவரில் பிள்ளையாரோடு இலகுலீசர் உருவமும் இருக்கிறது. பாசுபத சைவத்தை வகுத்த ஆசான் அவர், தமிழ்நாட்டில் அரிதாகத்தான் பார்க்கக் கிடைப்பார். கையில் தண்டம் வைத்திருப்பதைக் கொண்டு அடையாளம் காணலாம். காலை வேளையில் அந்தக் கோயில் வாசலில் உட்கார்ந்தால் எதிரே பச்சையும் தண்ணீரும் தெரியும். யாரும் வந்து அவசரப்படுத்த மாட்டார்கள்.

பையனுக்குப் பறவை பிடிக்குமென்றால் ஒரு தொலைநோக்கி கொண்டுபோங்கள். இங்கே சுமார் 250 வகைப் பறவைகள் பதிவாகியிருக்கின்றன. பாறை இடுக்குகளில் கூடு கட்டும் வல்லூறுகளும் ராசாளிக் கழுகும் இந்த மலைகளில் வாழ்கின்றன. அண்ணாந்து பார்த்தபடி பத்து நிமிடம் பேசாமல் நின்றால், பாறை உச்சியிலிருந்து ஒன்று சடாரென்று விழுந்து, பிறகு காற்றில் தூக்கி எழும் காட்சி கிடைக்கலாம். தேவாங்கு, எறும்புத்தின்னி, மலைப்பாம்பும் உண்டு. அவை பகலில் கண்ணில் படாது, ஆனால் அவை இருக்கிற காட்டில் நடக்கிறோம் என்பது தெரிந்து நடக்கவேண்டும்.

இதையெல்லாம் கணக்கில் எடுத்துத்தான் 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு அரிட்டாபட்டியையும் அடுத்துள்ள மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேர் பரப்பைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மாநிலத்தில் இப்படி அறிவிக்கப்பட்ட முதல் இடம் இதுதான். சரியாக இரண்டே ஆண்டுகளில், 2024 நவம்பரில், இந்தப் பகுதியையும் உள்ளடக்கிய சுமார் 2,015 ஹெக்டேரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்துவிட்டது என்ற செய்தி வந்தது. சுற்றுவட்டார ஊர்கள் எல்லாம் கிளம்பின. கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள், டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் தீர்மானம் போட்டது, ஜனவரியில் மேலூர்ப் பக்கத்திலிருந்து மதுரை வரை ஆயிரக்கணக்கில் நடந்து வந்தார்கள். 2025 ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது.

இங்கேதான் அச்சணந்தி மறுபடி வருகிறார். அரிட்டாபட்டி மலைச்சரிவில் ஒரு மகாவீரர் சிற்பம். கீழே வட்டெழுத்துக் கல்வெட்டு. அதன்படி இந்த மலையின் பழைய பெயர் திருப்பிணையன் மலை. சிற்பத்தைச் செய்வித்தவர் அச்சணந்தி. அதைக் காக்கும் பொறுப்பு பாதிரிக்குடியாருடையது. பாதிரிக்குடி என்பது இந்த ஊரின் பழைய பெயர். இந்த மலையை நீங்கள் காக்கவேண்டும் என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் கல்லில் எழுதி ஒப்படைத்த அதே ஊர், 2024-இல் தெருவில் இறங்கிக் காத்தது. போராட்டம் நடந்த மாதங்களில் அந்தக் கல்வெட்டின் முன்னால் போய் நின்றேன். வேறு எந்தக் கல்வெட்டும் என்னை இப்படிக் கலங்க வைத்ததில்லை. உங்கள் பையனுக்கு இந்த இடத்தில் இதைச் சொல்லுங்கள், பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கேட்பதைவிட ஆழமாகப் பதியும்.

அரிட்டாபட்டிக்கு அடுத்த மலைதான் மாங்குளம் கல்வெட்டுகள் இருக்கிற மலை. மீனாட்சிபுரம் என்ற சிற்றூரிலிருந்து ஏறவேண்டும். ஏற்றம் கடினம், அம்மாவை அழைத்துப்போக வேண்டாம். ஆனால் தமிழ் படித்த எவரும் ஒரு முறையாவது போகவேண்டிய இடம். 1882-இல் ராபர்ட் சீவல் இந்தக் கல்வெட்டுகளைக் கண்டார். என்ன மொழி என்பதே பிடிபடாமல் பல ஆண்டுகள் கிடந்தன. 1924-இல்தான் கல்வெட்டு அறிஞர் கே. வி. சுப்பிரமணிய ஐயர் இவை தமிழ் என்று எடுத்துச் சொன்னார். கணி நந்தாசிரியன் என்ற துறவிக்கு, நெடுஞ்செழியனின் பணியாளனான கடலன் வழுதி இந்தப் பள்ளியைச் செய்துகொடுத்தான் என்கிறது ஒன்று. சங்கப் பாட்டில் படித்த நெடுஞ்செழியன் என்ற பெயர் பாறையில் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தமிழி எழுத்தை ஆராய்ந்த ஐராவதம் மகாதேவன் இவற்றைக் கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வைத்தார். வெள்ளறை என்ற ஊரின் வணிகர் குழு கொடுத்த கொடையும் இங்கே பதிவாகியிருக்கிறது. மேலூர்ச் சாலையில் பேருந்தில் போகும்போது பெயர்ப்பலகையில் பார்க்கிற வெள்ளரிப்பட்டிதான் அந்த வெள்ளறை என்று அறிஞர்கள் கருதுகிறார்கள்.

நான் முதல் முறை போனபோது வழி தெரியாமல் தவறான சரிவில் ஏறி, முள்ளில் மாட்டிக்கொண்டு நின்றேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா கீழேயிருந்து சத்தம் போட்டார். "ஏப்பா தம்பி, எழுத்துப் பாக்கவா? அங்கிட்டு ஏறாத, தேனீ கட்டியிருக்கு. இங்கிட்டு வா." அவர் காட்டிய தடத்தில் போனபிறகுதான் பாறை நெற்றியில் தொங்கிய மலைத்தேன் கூடு பக்கவாட்டில் தெரிந்தது. அன்றிலிருந்து எந்த மலைக்குப் போனாலும் முதலில் ஊருக்குள் யாரிடமாவது கேட்டுவிட்டுத்தான் ஏறுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். "சமணர் படுகை" என்று கேட்டால் பலருக்குப் புரியாது. "பஞ்சபாண்டவர் படுக்கை எங்கே இருக்கு?" என்று கேளுங்கள், உடனே கை நீட்டுவார்கள். ஒற்றையடித் தடம் எங்கே பிரிகிறது என்று கைபேசி வரைபடம் சொல்லாது, ஊரார்தான் சொல்வார்கள். தேன்கூடு இருக்கிற மலையில் வாசனைத் தைலம் பூசிக்கொண்டு போகவேண்டாம், புகை போடவேண்டாம், கத்தவும் வேண்டாம்.

யானைமலை உங்களுக்கு மிகப் பக்கம். ஒத்தக்கடையில் இறங்கி நரசிங்கம் ஊருக்குள் போனால் மலையின் காலடியிலேயே யோக நரசிம்மர் குடைவரைக் கோயில், படியேறும் வேலையே இல்லை. பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி இதைக் குடைவித்தார், நீர்தெளித்துக் குடமுழுக்குச் செய்வதற்கு முன்பே இறந்துவிட்டார், தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்து முடித்தார் என்று அங்கேயே கல்வெட்டு சொல்கிறது. கி.பி. 770. சற்று நடந்தால் லாடன் கோயில் என்கிற சிறிய முருகன் குடைவரை. ஆள் நடமாட்டமே இருக்காது, எனக்கு நரசிம்மர் கோயிலைவிட இது பிடிக்கும். மலையில் சமணச் சிற்பங்களும் இருக்கின்றன. அவற்றின் சுதைப் பூச்சிலும் வண்ணத்திலும் கொஞ்சம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, இத்தனை வெயில் மழைக்குப் பிறகும். சம்பந்தர் தம் பதிகத்தில் சமணர் வாழும் இடங்களுக்கு முதலாவதாக "ஆனைமாமலை" என்றே இந்த மலையைச் சொல்கிறார் என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால், ஒரே மலையில் சமணரும் சைவரும் வைணவரும் ஆளுக்கொரு இடம் பிடித்திருப்பது இன்னும் அழுத்தமாகத் தெரியும். திரும்பும் வழியில் திருமோகூர் காளமேகப் பெருமாள் கோயிலுக்கு அம்மாவை அழைத்துப்போங்கள், பக்கம்தான்.

கிழக்கே சிவகங்கைச் சாலையில் வரிச்சியூர். குன்னத்தூர் மலையில் இரண்டு சிவன் குடைவரைகள், ஒன்று கிழக்கு நோக்கி, ஒன்று மேற்கு நோக்கி. தமிழிக் கல்வெட்டுள்ள குகைத்தளமும் இருக்கிறது. அதில் ஒரு கல்வெட்டு நூறு கலம் நெல் கொடுத்ததைச் சொல்கிறது. சின்ன மலை, இரண்டு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். கீழடி அருங்காட்சியகத்தை இதோடு சேர்த்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். நான் சேர்க்கமாட்டேன், கீழடிக்குத் தனியாக அரை நாள் வேண்டும். 2023 மார்ச்சில் திறந்த அந்த அருங்காட்சியகத்தில், பானை ஓட்டில் கீறிய பெயர்களைப் பார்த்துவிட்டு மலைக்குப் போனால், குகையில் இருக்கிற அதே எழுத்து வீட்டுப் பானையிலும் இருந்தது என்பது பையனுக்குத் தானாகவே விளங்கும்.

கீழவளவைப் பற்றித் தயங்கித்தான் சொல்கிறேன். மேலூரிலிருந்து திருப்பத்தூர்ச் சாலையில் போகவேண்டும். பஞ்சபாண்டவர் மலை மட்டும் பாதுகாக்கப்பட்டு நிற்கிறது. அதைச் சுற்றியிருந்த மலைகள் கிரானைட்டுக்காக அறுக்கப்பட்டு, நேர் சுவர்களாகவும் ஆழக் குழிகளாகவும் கிடக்கின்றன. குழிகளில் தேங்கிய தண்ணீர் பச்சையாக, பார்க்க அழகாகக்கூட இருக்கும். பையனை அதன் விளிம்புக்குப் போகவிடவே கூடாது, ஆழம் தெரியாத தண்ணீர் அது. மலையில் ஒரு வியப்பான கல்வெட்டு இருக்கிறது. எழுத்துகள் தலைகீழாக, வலமிருந்து இடமாக வெட்டப்பட்டிருக்கின்றன. தொண்டியைச் சேர்ந்த ஒருவர் கொடுத்த பள்ளி என்பது செய்தி. கடற்கரைத் துறைமுகத்திலிருந்து ஒருவர் இவ்வளவு தூரம் வந்து இந்தப் பாறையில் தன் பெயரை வெட்ட வைத்திருக்கிறார். கீழக்குயில்குடிக்குப் பக்கத்து முத்துப்பட்டிக் கல்வெட்டில் முசிறி வருகிறது. சேர நாட்டுத் துறைமுகம்! மதுரை எத்தனை ஊர்களோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தது என்பதை இந்த மலைகளில்தான் நான் கற்றுக்கொண்டேன்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து மாசி வரை நல்ல காலம். கண்மாயில் தண்ணீர் இருக்கும், வலசைப் பறவைகள் வரும், பாறை சுடாது. சித்திரை, வைகாசியில் போகவேண்டாம் என்றுதான் சொல்வேன். போயே தீரவேண்டுமென்றால் எட்டு மணிக்குள் இறங்கிவிடுங்கள், சாலையோரத்தில் நுங்கு கிடைக்கும் என்பது மட்டும் ஆறுதல். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கையில் வேண்டும், மலைமேல் கடை கிடையாது. கழிப்பறையை நம்பிப் போகாதீர்கள், கிளம்பும் முன்பே அம்மாவுக்கும் இதைச் சொல்லிவிடுங்கள். அடியில் பிடிப்புள்ள காலணி போதும், விலை உயர்ந்தது எதுவும் தேவையில்லை. பெரும்பாலான மலைகளில் ஏதாவது ஒரு சாமி இருக்கும், அந்த இடத்தில் காலணியைக் கழற்றிவிடுங்கள். சுனைத் தண்ணீரில் கை கால் கழுவாதீர்கள், ஆடு மாடும் சில இடங்களில் ஆட்களும் குடிக்கிற தண்ணீர் அது. கொண்டுபோகிற பிளாஸ்டிக் எல்லாம் உங்கள் பையிலேயே திரும்பி வரவேண்டும்.

சாப்பாட்டுக்கு நான் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போகிறேன். புளியோதரையும் துவையலும் எந்த வெயிலுக்கும் தாங்கும். கீழக்குயில்குடி ஆலமரத்தடியில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தால் தனி ருசி. குரங்கு வந்தால் மட்டும் பையை இறுகக் கட்டிவிடுங்கள். மேலூர்ப் பக்கம் போனால் திரும்பும் வழியில் ஊருக்குள் நல்ல சிற்றுண்டிக் கடைகள் இருக்கின்றன.

தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், "பசுமை நடை" என்ற அமைப்பு 2010 முதல் மதுரையைச் சுற்றியுள்ள இந்த மலைகளுக்கு நடைப் பயணம் அழைத்துப் போகிறது. எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் தொடங்கியது. கல்வெட்டு அறிந்தவர்கள் கூடவே வந்து விளக்குவார்கள், குடும்பம் குடும்பமாகக் குழந்தைகளோடு வருவார்கள். முதல் ஒன்றிரண்டு மலைகளை அவர்களோடு பார்த்துவிட்டு, பிறகு நீங்களாகவே அதே மலைக்கு அமைதியான இன்னொரு காலையில் போங்கள். முதல் முறை நிறையத் தகவல் கிடைக்கும். மலை கிடைப்பது இரண்டாம் முறையில்தான்.

பையனுக்கு அலுத்துவிடுமோ என்று நீங்கள் யோசிக்கலாம். என் அக்காள் மகனை ஏழு வயதில் கீழக்குயில்குடிக்கு அழைத்துப்போனேன். சிற்பங்களை இரண்டு நிமிடம்தான் பார்த்தான். பிறகு சுனைக்கரையில் உட்கார்ந்து தலைப்பிரட்டைகளையே ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. இறங்கும்போது, "மாமா, குணமதியார் இந்தத் தண்ணியத்தான் குடிச்சிருப்பாங்களா?" என்று கேட்டான்.